வராமற்போன எட்டு விமானங்கள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் நம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவை அடுத்த வாட்டர்க்லூஃப் விமானப்படைத் தளத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராணுவப் போக்குவரத்து விமானங்களைப் பற்றியே கேட்டிருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் மெர்பேங்கில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் இளமைக் காலத்தில் பழைய விமான நிலையத்தில் இறங்கிய அதே நான்கு விசிறி ராணுவ விமானம் இன்றும் தலைக்குமேல் பறக்கிறது. பேரனிடம் காட்டினால், "இது மியூசியத்து விமானமா, தாத்தா?" என்கிறான். நம் நாட்டுக்குப் புதியவை வருவதாகச் சொன்னார்களே, அவை என்னவாயின?

பதில்: பேரன் கேட்டதில் தவறில்லை, ஐயா. நீங்கள் பார்ப்பது அதே வகை விமானம் மட்டுமன்று. நீங்கள் இளமையில் பார்த்த அதே விமானமாகவும் இருக்கக்கூடும். லாக்ஹீட் நிறுவனத்தின் சி-130பி ஹெர்குலிஸ் ஏழினை நம் விமானப்படை 1963இல் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்க வேண்டாமென ஐ.நா. பாதுகாப்பு அவை உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது; 1977இல் அந்த வேண்டுகோள் கட்டாயத் தடையாகவே ஆயிற்று. கதவடைக்கும் நேரத்தில் உள்ளே வந்துசேர்ந்தவை என்பதால், அவற்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பறக்கவிடுவதைத் தவிர அன்றைய ராணுவத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. நிறவெறி ஆட்சி முடிந்த காலத்தில் அமெரிக்காவிடமிருந்து பழைய ஹெர்குலிஸ் ஐந்து வந்தன. பிரிட்டனின் மார்ஷல் நிறுவனத்தின் துணையோடு விமானியறைக் கருவிகள் புதுப்பிக்கப்பட்டு, சி-130பிஇசட் என்று பெயரும் மாறியது. கருவி புதியதானாலும் உடற்கட்டு பழையதுதானே.

புதியவை வருவதாகச் சொன்னது ஏர்பஸ்ஸின் ஏ400எம் விமானத்தை. 2005இல் எட்டு விமானங்களுக்கு நம் அரசு ஒப்பந்தம் செய்தது. வெறும் கொள்முதலாக மட்டும் அமையாமல் தொழிலில் பங்கும் கிடைக்கும்படி அது வகுக்கப்பட்டிருந்தது: கெம்ப்டன் பார்க்கில் நம் அரசின் ஆயுதத் தயாரிப்பு நிறுவனமான டெனல் குழுமத்தின் ஆலை இறக்கையும் உடலும் சேரும் இடத்தின் மேலுறைகளைச் செய்தது, சென்சூரியனில் ஏரோசட் நிறுவனம் உட்புறத் தட்டிகள் போன்ற பாகங்களைச் செய்தது. ஆனால் விமானத்தின் உருவாக்கம் ஆண்டுக்கணக்கில் பின்தங்கிக்கொண்டே போயிற்று. 2009இல் நம் அரசின் ஆயுதக் கொள்முதல் நிறுவனமான ஆம்ஸ்கோரின் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன், மொத்தச் செலவு 1,700 கோடி ராண்டிலிருந்து 4,700 கோடியாக ஏறிவிட்டதாகக் கூறினார். ஏர்பஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எனினும் அவ்வாண்டு நவம்பரில் அமைச்சரவை ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. செலுத்திய முன்பணம் 2011இல் திரும்பக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், ரத்தான அடுத்த மாதமே, டிசம்பர் 11 அன்று, அந்த விமானம் ஸ்பெயினின் செவியா நகரில் முதன்முறையாக வானில் ஏறியது.

விலகியதை நான் குறைசொல்ல மாட்டேன். விலை எவ்வளவு என்று விற்பவரும் வாங்குபவரும் இருவேறு கணக்குச் சொல்லும் பொருளுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் காத்திருக்கும் நாடு பணம் கட்டிக்கொண்டே இருக்க முடியாது. விலகியபின் அதனினும் சிறியதாக, மலிவாக ஒன்றைத் தேடி முடிவெடுக்காமல் ஆண்டுகளை நழுவவிட்டதைத்தான் குறைசொல்வேன். 2020 ஜனவரியில் கொங்கோவின் கோமா நகரில் இறங்கிய நம் ஹெர்குலிஸ் ஒன்றில் தீப்பற்றியது. உயிர்ச்சேதம் இல்லையென்பது பெரும் ஆறுதல். ஆயினும் கையில் இருப்பதே சில விமானங்கள் என்னும்போது, ஒன்று முடங்கினாலும் அடுத்த பயணத்துக்கு எதை அனுப்புவது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

கேள்வி: நான் பீனிக்ஸைச் சேர்ந்த பொறியியல் மாணவன். போயிங் 747 சரக்கு விமானம் நூறு டன்னுக்கு மேல் சுமக்கிறது. அதையே ராணுவத்துக்கு வாங்கினால் தீர்ந்ததே. இதற்கென்று தனி விமானம் எதற்கு, ஐயா?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. நாம் பக்கி என்று அழைக்கும், பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியை நினைத்துக்கொள். அதன் பின்கதவைக் கீழே மடித்தால் ஒரு மூட்டையை இரண்டு பேர் தள்ளி ஏற்றிவிடலாம். அதே மூட்டையை வீட்டின் மாடிச் சன்னல் வழியாக ஏற்றச் சொன்னால் ஏணி வேண்டும், கயிறு வேண்டும், ஆள் வேண்டும். 747இன் சரக்குத் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்தில் இருப்பதால், தூக்கும் எந்திரம் இல்லாத நிலையத்தில் அதிலிருந்து ஒரு பெட்டியைக்கூட இறக்க முடியாது. ராணுவம் போக வேண்டிய இடத்தில் தூக்கும் எந்திரம் இருக்காது. பல நேரங்களில் தார்போட்ட ஓடுதளமே இருக்காது.

ஆகையால் ராணுவப் போக்குவரத்து விமானத்தின் வடிவம் தரையிலிருந்தே தொடங்குகிறது. தளம் லாரியின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இறக்கை உடலின் உச்சிக்குப் போகிறது. இறக்கை மேலே போனதால் எஞ்சின்களும் கல், மண்ணிலிருந்து தப்புகின்றன. வாலடியில் சாய்தளம் திறந்தால் கவச வண்டி தானாகவே ஓட்டிக்கொண்டு இறங்கிவிடும். மிருதுவான தரையில் புதையாதிருக்கப் பல சக்கரங்களில் எடை பகிரப்படுகிறது. இவை அனைத்துக்கும் விலை உண்டு: பின்புறம் திறப்பதற்காக மேல்நோக்கி வளைந்த வால் காற்றில் அதிக இழுவையைத் தருகிறது, திறப்பைச் சுற்றியுள்ள சட்டகத்தைக் கனமாக்க வேண்டியிருக்கிறது, எரிபொருள் அதிகமாகச் செலவாகிறது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து துபாய்க்குப் பெட்டிகளை அனுப்பும் வணிக நிறுவனம் இதை வாங்காததற்குக் காரணம் இதுவே.

குறுகிய ஓடுதளத்தில் இறங்குவது எப்படி என்பது நீ விரும்பிப் படிக்கக்கூடிய பகுதி. போயிங் சி-17 விமானத்தில், இறங்கும்போது கீழ்நோக்கி நீளும் இறக்கையின் பின்மடிப்புகள் ஜெட் எஞ்சின்களின் வெளியேறு காற்றுக்குள்ளேயே நீட்டப்படுகின்றன. அந்தக் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுவதால் கூடுதல் தூக்குவிசை பிறக்கிறது. 77 டன் வரை சுமக்கக்கூடிய அவ்வளவு பெரிய விமானம் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடுதளத்தில் இறங்க முடிகிறது. 1970களில் அமெரிக்கா செய்து பார்த்த ஒய்சி-15 என்னும் சோதனை விமானத்திலிருந்து வந்த உத்தி இது. ஏ400எம் வேறு வழியில் சென்றது. சுமார் 11,000 குதிரைத்திறன் கொண்ட, விசிறியைச் சுழற்றும் டர்போபிராப் எஞ்சின்கள் நான்கு. ஒவ்வொரு இறக்கையிலும் உள்ள இரண்டு விசிறிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். மேற்கு நாடுகளில் அதுவரை செய்யப்படாத அளவுள்ள அந்த எஞ்சினை முற்றிலும் புதிதாக வடிவமைத்ததுதான் தாமதத்தின் முதற்காரணம். 2015 மே மாதம் செவியாவில் ஒரு சோதனைப் பறத்தலில் ஏ400எம் ஒன்று விழுந்து நால்வர் இறந்தனர். மூன்று எஞ்சின்களின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குத் தேவையான அளவுத்திருத்தத் தரவுகள் நிறுவலின்போது அழிந்துபோயிருந்தன. உலோகத்திலும் எரிபொருளிலும் ஆயிரம் கவனம் செலுத்திய விமானத்தை ஒரு தரவுக் கோப்பு வீழ்த்தியது.

கேள்வி: உலகின் மிகப் பெரிய சரக்கு விமானம் இப்போது எங்கே இருக்கிறது? (டொங்காட் வாசகி)

பதில்: இல்லை, அம்மா. ஆன்டனோவ்-225 மிரியா 2022 பிப்ரவரியில் கீவ் நகரை அடுத்த ஹோஸ்டோமெல் நிலையத்தில் போரின் தொடக்க நாட்களிலேயே அழிந்தது. ஆறு எஞ்சின்கள், 640 டன் உச்ச எடை. முழுமையாகக் கட்டப்பட்டது அந்த ஒன்றே ஒன்று. சோவியத்தின் புரான் விண்ஓடத்தைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டு 1988 டிசம்பரில் முதலில் பறந்தது. மிரியா என்றால் உக்ரைனிய மொழியில் கனவு.

கேள்வி: பல நாடுகள் பாதுகாப்புச் செலவைக் கூட்டிவருகின்றன. அப்படியானால் இத்தகைய பெரிய விமானங்களைச் செய்வோருக்கு இனி நல்ல காலந்தானே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வணிகர்)

பதில்: வணிகராகிய உங்களுக்கு இதைச் சொல்வது எளிது: வாடிக்கையாளர் பத்துப்பேருக்குள் இருந்து, அவர்களும் முப்பது ஆண்டுக்கு ஒருமுறையே கடைக்கு வருவார்களானால், அந்தக் கடையை நடத்த முடியுமா? மிகப் பெரிய விமானங்களின் நிலைமை அதுதான்.

சி-17ஐப் பாருங்கள். மொத்தம் 279 கட்டப்பட்டன. அவற்றில் 223 அமெரிக்க விமானப்படைக்கே. அமெரிக்கா வாங்குவதை நிறுத்தியதும் அதைக் கட்டிய கலிபோர்னியாவின் லாங் பீச் ஆலையின் காலம் முடிந்தது. மூடுவதற்குமுன் போயிங் வாங்குவோர் யாரென்று தெரியாமலே பத்து விமானங்களைக் கட்டி வைத்து, வருவோருக்கு விற்றது. கடைசி விமானம் 2015 நவம்பரில் ஆலையைவிட்டுப் புறப்பட்டது. மிஞ்சியிருந்த இறுதி ஒன்றை வாங்கியது இந்தியா. இதன்பின் விருப்பப்பட்ட நாடுகள் கைபிசைந்து நின்றன. 2025 ஜூனில், மீண்டும் உற்பத்தி தொடங்குவது பற்றி ஒரு நாட்டுடன் தொடக்கநிலைப் பேச்சு நடப்பதாகப் போயிங் ஒப்புக்கொண்டது. பேச்சுக்கும் உற்பத்திக்கும் இடையே பாகம் செய்யும் நூற்றுக்கணக்கான ஆலைகளை மறுபடி திரட்ட வேண்டிய பெரும்பாடு இருக்கிறது. நான் அதை நம்பிக் காத்திருக்கமாட்டேன்.

ரஷ்யப் பக்கம் வேறு வகைச் சிக்கல். இல்யூஷின்-76 என்னும் பெரிய போக்குவரத்து விமானம் சோவியத் காலத்தில் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் கட்டப்பட்டது. நாடு உடைந்தபின் உற்பத்தியை ரஷ்யாவின் உல்யானோவ்ஸ்க்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதனினும் பெரிய ஆன்டனோவ்-124ஐ வடிவமைத்தவர்கள் கீவில், கட்டிய ஆலைகளில் ஒன்று உல்யானோவ்ஸ்கில். 2014க்குப் பின் ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து மீண்டும் கட்டுவார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லாமற்போயிற்று. சீனா மட்டும் 2013இல் ஒய்-20ஐப் பறக்கவிட்டு, 2016இல் படையில் சேர்த்து, தொடக்கத்தில் பொருத்திய ரஷ்ய எஞ்சினுக்குப் பதிலாகத் தன் சொந்த எஞ்சினையும் கொண்டுவந்துவிட்டது. அதற்குச் சந்தையைப் பற்றிய கவலை இல்லை. வாங்குபவரும் அதன் அரசே.

ஏ400எம் விமானத்தின் கணக்குத்தான் எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. 2003இல் ஏழு ஐரோப்பிய நாடுகள் 180 விமானங்கள் கேட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, மலேசியாவின் நான்கு, கசகஸ்தானின் இரண்டு, இந்தோனேசியாவின் இரண்டு ஆகியவற்றைச் சேர்த்தும் மொத்தம் 178 மட்டுமே. பழைய பங்காளிகள் குறைத்துக்கொண்ட அளவுக்குக்கூட வெளியார் வாங்கவில்லை.

ஆகவே நல்ல காலம் என்றால் அது நடுத்தர விமானங்களுக்கே. உலகெங்கும் 70 நாடுகளுக்குப் பரவிய பழைய ஹெர்குலிஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வுபெற வேண்டிய வயதை எட்டியிருக்கின்றன. அந்த இடத்தைப் பிடிக்க லாக்ஹீடின் சி-130ஜே இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனத்தின் சி-390 அதனோடு போட்டியிடுகிறது. 26 டன் சுமக்கும் இந்த ஜெட் விமானத்தைப் போர்ச்சுகல், ஹங்கேரி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, தென்கொரியா, சுவீடன் எனப் பலரும் தேர்ந்தெடுத்திருக்கின்றனர். எம்ப்ரேயரின் கெட்டிக்காரத்தனம் எஞ்சினில் இருக்கிறது: புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், பயணிகள் விமானமாகிய ஏ320இல் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் வி2500 எஞ்சினையே மாட்டிவிட்டது. உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் எங்கும் கிடைப்பார்கள். ஏ400எம் செய்யத் தவறியது இதைத்தான்.

கேள்வி: இந்தியாவில் வதோதராவில் ராணுவப் போக்குவரத்து விமானம் கட்டுகிறார்களாம். அதை நாம் வாங்கக் கூடாதா? பிரிக்ஸ் நட்பு இதற்காவது உதவட்டுமே. (லெனேசியா வாசகர்)

பதில்: நட்பு உதவும், அளவு உதவாது. 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட டாட்டா ஆலையில் கட்டப்படுவது ஏர்பஸ் சி-295. இந்தியா கேட்ட 56இல் 40 அங்கே உருவாகும். ஆனால் அது சுமப்பது ஒன்பது டன் அளவுதான். நம்மிடம் ஏற்கெனவே உள்ள, ஸ்பெயினின் காசா (CASA) நிறுவனத்துச் சிறிய விமானங்களுக்கு மாற்றாகலாமே தவிர ஹெர்குலிஸுக்கு மாற்றாகாது. இந்தியா தன் நடுத்தர வகைக்குத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறது. எம்ப்ரேயர் மஹிந்திராவுடனும் லாக்ஹீட் டாட்டாவுடனும் கைகோத்துக் காத்திருக்கின்றன. அந்தத் தேர்வில் எது வென்றாலும் அது இந்தியாவில் கட்டப்படும்போது நம் விமானப்படை அதைக் கூர்ந்து பார்ப்பது நல்லது.

மிகக் கனமான சரக்குக்கு மட்டும் வேறொரு வழி உண்டு. ஹங்கேரியின் பாப்பா தளத்தில் 12 நாடுகள் சேர்ந்து மூன்று சி-17களை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் எனப் பங்கிட்டுப் பறக்கின்றன. தனியாக ஒன்றைக்கூட வாங்க முடியாத சிறு நாடுகளும் அதில் உறுப்பினர். நம் ஊர்ச் சீட்டுக் குழுவைப் போன்ற ஏற்பாடு. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சமூகம் அப்படியொன்றைத் தொடங்கினால் மொசாம்பிக்குக்கும் கொங்கோவுக்கும் படை அனுப்பும் ஒவ்வொரு முறையும் வாடகை விமானத்தைத் தேடி அலைய வேண்டியிராது. இப்போதைக்கு நம் ரூயிகாட் கவச வண்டியின் எடை 28 டன். ஹெர்குலிஸ் சுமப்பது 20 டன்னுக்குள். அந்த வண்டி எல்லை தாண்ட வேண்டுமானால் ரயில், கப்பல், லாரி, அல்லது வாடகைக்கு வரும் இல்யூஷின்.