ஐப்பசிக் காற்றும் குலை தள்ளிய வாழையும்

கேள்வி: ஐப்பசியில் பகல் முழுக்கப் புழுக்கம், மாலையில் திடீரென்று குளிர்ந்த சூறைக்காற்று அடித்து வாழை சாய்கிறதே, ஏன்?

பதில்: தென்மேற்குக் காற்று விலகி, வடகிழக்குக் காற்று நிலைபெறும் இடைக்காலம் இது. பகல் வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. அதிலிருந்து விழும் மழைத்துளிகள் வழியில் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கின்றன. கனத்த அந்தக் காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபுறமும் சீறுகிறது. மழைக்கு முன்பே காற்று வருவது அதனால்தான்.

வானிலை அறிக்கையில் ‘மணிக்கு 40-50 கி.மீ. தரைக்காற்று’ என்று வந்தால் அன்று வாழைக்குத் தண்ணீர் கட்டாதீர்கள். மண் இளகினால் வேரோடு சாயும். குலை சாயும் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கழிகளைக் கத்தரிபோல் கட்டி, குலைக்குக் கீழே தண்டில் முட்டுக் கொடுங்கள். கயிறு தண்டை அறுக்காமல் சாக்குத்துணி சுற்றுங்கள். காய்ந்த இலைகளை முன்பே கழித்துவிடுங்கள்.