தாமஸ் என்ற பெயருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது?

தாமஸ் என்றால் 'இரட்டையர்களில் ஒருவர்'. அவ்வளவுதான். இயேசுவின் காலத்தில் அங்கே மக்கள் பேசிய அரமேய மொழியில் இரட்டைப் பிள்ளையைக் குறிக்கும் சொல்தான் தோமா. கிரேக்கத்தில் ஆண் பெயர்கள் பெரும்பாலும் 'ஸ்' ஒலியில் முடியும் என்பதால் அது தோமாஸ் ஆகி, ஆங்கிலம் வழியாகத் தாமஸ் என்று நம்மிடம் வந்தது.

தமிழ் பைபிளில் யோவான் 11:16-ல் இயேசுவின் சீடர் ஒருவரைப் பற்றி 'திதிமு என்னப்பட்ட தோமா' என்று வரும், அந்தத் திதிமுவும் கிரேக்கத்தில் இரட்டையர் என்பதுதான், அதாவது ஒரே பெயரை இரண்டு மொழியில் சொல்கிறார்கள். நம் வீடுகளில் 'பெரியவன்', 'கடைக்குட்டி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிடும் இல்லையா, அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் இது. அரமேயத்தின் ஒரு வகையான சிரியாக் மொழி பேசிய பழைய கிறிஸ்தவர்களின் மரபு அந்தச் சீடரை யூதா தோமா என்றே சொல்கிறது, அதனால் இயற்பெயர் யூதாவாக இருந்திருக்கலாம்.

சரி, தாமஸ் என்றால் 'சந்தேகப்படுபவர்' என்று பலர் நினைக்கிறார்கள், அது இயேசு உயிர்த்தெழுந்ததை அவர் முதலில் நம்பாத சம்பவத்தால் வந்த பட்டம், பெயரின் பொருளே அல்ல.