கருவாட்டுக்குப் புது விதி வருமுன் நாம் டெல்லிக்கு எழுத முடியுமா?

கேள்வி: நாங்கள் பெரியபட்டினம் பக்கம் ஒரு மகளிர் குழு. நெத்திலி, சூடை, வாளை என்று ஏலத்தில் எடுத்து, காயவைத்து, பாக்கெட் போட்டு மதுரை வரை அனுப்புகிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது. கருவாட்டுக்குப் புது விதி வரப்போகிறது, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. எங்களைப் போன்றவர்கள் எழுதினால் படிப்பார்களா? தமிழில் எழுதலாமா? வக்கீல் வைக்க வேண்டுமா?

பதில்: தாராளமாக எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. குழுவின் பெயரிலும் எழுதலாம், தனி ஆளாகவும் எழுதலாம். ஆனால் பேனாவை எடுக்கும் முன், அந்த வாட்ஸ்அப் தகவல் எதைப் பற்றியது என்று பார்த்துவிடுங்கள். வரைவு விதி, இறுதி விதி, ஏற்கெனவே உள்ள விதியை நினைவூட்டும் சுற்றறிக்கை மூன்றையும் ஒன்றாக்கி ‘புதுச் சட்டம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். போன வருடத்துச் செய்தி இந்த வருடம் சுற்றுவதும் சகஜம்.

கருத்துக் கேட்பது வரைவுக்கு மட்டும்தான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் வரைவு அறிவிப்புகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மத்திய அரசிதழின் இணையதளத்திலும் தேடலாம். ஆட்சேபங்களையும் யோசனைகளையும் இத்தனை நாளுக்குள் அனுப்பலாம் என்ற வாசகம் தொடக்கத்திலேயே இருந்தால் அது வரைவு. பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாள் கொடுப்பார்கள். இந்தக் கணக்கு, அரசிதழ்ப் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓடும். உங்களுக்குச் செய்தி வந்த நாளிலிருந்து அல்ல. வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது பாதி நாள் போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

படிப்பார்களா என்றால், படிக்க வேண்டும் என்பது சட்டம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் ஆணையம் விதி செய்ய முடியும். அப்படி வெளியிட்டால், குறித்த தேதிக்குள் வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், 23-ஆம் பிரிவு. ‘பரிசீலிக்க வேண்டும்’ என்றுதான் இருக்கிறது, ‘ஏற்க வேண்டும்’ என்று இல்லை. இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியமானது. விதி செய்யும்போது வெளிப்படையாக மக்களிடம் கலந்து பேச வேண்டும், அதை நேரடியாகவோ ‘எல்லா நிலைப் பஞ்சாயத்துகள் உள்ளிட்ட’ பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாகவோ செய்யலாம் என்கிறது. நாட்டில் நடைமுறையில் உள்ள கையாளும் முறை, சேமிக்கும் முறை, கொண்டுசெல்லும் முறை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. உங்கள் களத்தில் நடப்பது ‘நடைமுறையில் உள்ள கையாளும் முறை’ இல்லையென்றால் வேறு எது? உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இந்தப் பிரிவைச் சொல்லிவிடுங்கள்.

பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்து எழுதுகின்றன. வணிகத்தைத் தொடும் வரைவுகள் உலக வர்த்தக அமைப்புக்கும் போவதால் வெளிநாட்டு அரசுகள்கூட எழுதுகின்றன. 2022 செப்டம்பரில், பாக்கெட் உணவு உடலுக்கு எவ்வளவு நல்லது என்று காட்ட முகப்பில் நட்சத்திரக் குறி போடும் வரைவு வந்தபோது 14,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு அப்படியே விதியாகவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025-லும் ஓயவில்லை. கருத்துக் கேட்பது வெறும் கண்துடைப்பு என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடற்கரையிலிருந்து யாரும் எழுதாததால் கடற்கரை தெரியாமலே விதி வந்துவிடுகிறது.

சரி, எப்படி எழுதுவது? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். “இந்த விதி எங்கள் வாழ்வாதாரத்தை அழித்துவிடும், உடனே வாபஸ் வாங்க வேண்டும்” என்று மனு எழுதினால், அது நியாயமாகவே இருந்தாலும், படிக்கிற அதிகாரிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் மேசையில் இருப்பது ஒரு பட்டியல்: பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம், ஆதாரம். உங்கள் கடிதம் அந்தக் கட்டங்களில் உட்கார வேண்டும். வரைவோடு படிவம் கொடுத்திருந்தால் அதையே நிரப்புங்கள்.

ஒரு பேச்சுக்கு, வரைவில் 5(2) என்ற எண்ணில் ‘மீனைத் தரையில் உலர்த்தக் கூடாது, உயர்த்திய மேடையில் மட்டுமே உலர்த்த வேண்டும்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

“5(2)-ஐ, ‘மீனை வெறும் மண்ணிலோ மணலிலோ உலர்த்தக் கூடாது, உயர்மேடையிலோ, சிமெண்ட் களத்திலோ, தரையில் விரித்த சுத்தமான வலை அல்லது விரிப்பின் மேலோ உலர்த்தலாம்’ என மாற்றக் கோருகிறோம். காரணம்: நெத்திலி, சாளை மீன்கள் சூட்டில் காத்துக் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கூடும், பிறகு காயவைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. வரத்து அதிகமான நாளில் எங்களிடம் உள்ள மேடைகள் பாதி மீனுக்குக்கூடப் போதாது. மேடை காலியாகும் வரை மீதியை நிறுத்திவைப்பதைவிட, வலை விரித்து உடனே காயவைப்பதே பாதுகாப்பானது. வலையில் காய்ந்த கருவாட்டின் ஆய்வக அறிக்கையும் களத்தின் படங்களும் இணைப்பில் உள்ளன. மேடை கட்டாயம் என்றால் எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் வேண்டும்.”

இதில் ‘எங்களுக்குக் கஷ்டம்’ என்ற பேச்சு கடைசி வரியில்தான் வருகிறது. முன்னால் நிற்பது சாப்பிடுகிறவரின் பாதுகாப்பு. ஆணையம் அபாய மதிப்பீட்டை வைத்துத் தரம் நிர்ணயிக்க வேண்டும் என்று அதே 18-ஆம் பிரிவு சொல்வதால், அந்தப் பாஷையில் பேசினால் காது கொடுப்பார்கள். கேட்டது முழுதாகக் கிடைக்காவிட்டால் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம், கவனியுங்கள். அவகாசம் கேட்பது பலரும் மறந்துவிடும் விஷயம்.

ஆதாரம் என்றதும் மலைக்க வேண்டாம். எந்த மாதம் எவ்வளவு மீன் எடுத்தீர்கள், காய எத்தனை நாள் ஆனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தால் அதுவே ஆதாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு பதத்துக்கு வர எத்தனை நாள் இழுக்கிறது என்பது டெல்லியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஈரப்பதத்துக்கு எல்லை வைக்கும் வரைவு வந்தால் அந்தக் கணக்குதான் கைகொடுக்கும். விஞ்ஞான விஷயத்தில் சந்தேகம் இருந்தால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. பதப்படுத்துவது பற்றி என்றால் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். காக்க முடியாததைக் காக்கப் போகாதீர்கள். ஈ மொய்க்காமல் இருக்கப் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். அதற்குத் தடை வந்தால் வரவேற்று ஒரு வரி எழுதுங்கள். வரைவில் நல்லதாக உள்ளதை நல்லது என்று சொல்கிறவர் கேட்கும் திருத்தத்துக்கு மதிப்பு கூடும்.

மொழி விஷயம். வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது, அது நியாயமில்லை என்பதே என் கருத்து. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கலாம். உணவு விதிகளுக்கும் தமிழ் வரைவு வேண்டும் என்று உங்கள் கடிதத்திலேயே ஒரு பத்தியாகக் கேளுங்கள். நீங்கள் தமிழில் எழுதக் கூடாது என்று மேலே சொன்ன சட்டப் பிரிவுகளில் எங்கும் இல்லை. ஆனால் நாள் குறைவாக இருக்கும்போது வீம்பு பிடிக்க வேண்டாம். தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரையாவது விட்டு ஆங்கிலத்தில் பெயர்த்து, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்று வாசகத்தை மட்டும் மொழி தெரிந்த ஒருவரிடம் இன்னொரு முறை காட்டிவிடுங்கள்.

அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் தபால் முகவரியும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். வழக்கமாகத் தலைமைச் செயல் அலுவலர், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., எஃப்.டி.ஏ. பவன், கோட்லா ரோடு, புதுடெல்லி 110002 என்றிருக்கும். மின்னஞ்சலில் ஒன்று, விரைவுத் தபாலில் ஒன்று. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே நகல் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் விதியை எழுதுவது அவர்கள் அல்ல.

அப்புறம் பஞ்சாயத்து. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. கருத்துச் சொல்லும் காலத்துக்குள் அதில் ஒன்று வந்தால், உங்கள் திருத்தத்தையே தீர்மானமாக நிறைவேற்றி நகலை இணையுங்கள். மூக்கையூர், வாலிநோக்கம், தேவிபட்டினம் என்று ஊருக்கு ஒரு தீர்மானம் போனால், ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட அதற்கு எடை அதிகம்.

உங்கள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறவர்களாக இருந்தால் அவர்கள் கேட்பார்கள், அதற்காகச் சொல்கிறேன்: மீனவர் தன் தொழிலில் செய்பவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 18-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு விலக்குத் தருகிறது. மீனை வாங்கி, காயவைத்து, பாக்கெட் போட்டு விற்கும் உங்கள் குழுவுக்கு அந்த விலக்கு கிடையாது.

அனுப்பிய பிறகு தனித்தனியாகப் பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் மத்திய அரசு கலந்தாய்வுக் கொள்கை சொல்கிறது. அது கொள்கைதான், சட்டமல்ல. போடாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் கடிதம் வந்ததா, எந்தக் குழு பரிசீலித்தது, என்ன முடிவெடுத்தது, அந்தக் கோப்புக் குறிப்பின் நகல் என்ன. முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இதிலும் இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. உணவுப் பாதுகாப்புக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ அவசரம் என்று ஆணையம் கருதினால் கருத்துக் கேட்காமலே விதி போடலாம், ஆனால் அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்காது. இன்னொன்று, இறுதி அறிவிப்புக்கு முன்பே வரைவை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தனி ஆணை பிறப்பிப்பது. இது அடிக்கடி நடப்பதுதான். அதனால் வரைவுதானே என்று அசட்டையாக இருந்துவிடாமல், கருத்து அனுப்பிய பிறகும் வாரம் ஒருமுறை அந்த இணையதளத்தைப் பார்த்துவாருங்கள். லேபிள் விதி மாறுகிறதென்றால் பொதுவாக ஜூலை 1-இல் அமலுக்கு வரும்படி வைக்கிறார்கள். பழைய பாக்கெட் கவர்களை மொத்தமாக அச்சடிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்த பிறகுதான் தெரியவந்தது என்றாலும் அனுப்பலாம். பரிசீலிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு அப்போது இருக்காது, அவ்வளவுதான். இறுதி விதி வந்த பின், சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். அவைகள் அதைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். அந்தக் கட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் தொகுதி எம்.பி.யை. போகும்போது பிரிவு எண்ணும் மாற்று வாசகமும் எழுதிய அதே தாளைக் கையில் கொண்டுபோங்கள்.