மகனின் வரலாற்றுப் பாடத்தில் குழப்பம்: ஸ்கூல் போர்டில் போய்ப் பேசலாமா?

கேள்வி: டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைகளுக்காக நடந்தது, அடிமை முறை பத்தோடு பதினொன்று என்கிற மாதிரி ஒரு தாளை வகுப்பில் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றாராம் ஆசிரியர். அடுத்த மாதம் ஸ்கூல் போர்டு கூட்டம் இருக்கிறது. அங்கே போய்ப் பேசலாமா? நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம்.

பதில்: பேசலாம். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு ஸ்கூல் போர்டு முதல் கதவு அல்ல, கிட்டத்தட்டக் கடைசிக் கதவு. நம் ஆட்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் கொதித்துவிட்டு, கூட்டத்துக்குப் போய் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பேசி, "நன்றி, அடுத்தவர்" என்பதைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அப்புறம், "வெள்ளைக்காரன் நம்மை மதிக்கவில்லை" என்று பேச்சு. விஷயம் அதுவல்ல. அஜெண்டாவில் இல்லாத ஒன்றை அன்றே எடுத்து விவாதிக்கவோ முடிவெடுக்கவோ டெக்சஸ் சட்டப்படி போர்டுக்கு அனுமதி கிடையாது. அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரி, யார் கையில் எது இருக்கிறது? டெக்சஸில் ஆயிரத்துக்கும் மேல் பள்ளி மாவட்டங்கள், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் தனித்தனி நிர்வாகங்கள். ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ட்ரஸ்டிகள், பெரும்பாலும் ஏழு பேர், சம்பளம் கிடையாது. இவர்கள்தான் ஸ்கூல் போர்டு. வரி, பட்ஜெட், சூப்பரின்டெண்டெண்ட் (மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகி) நியமனம், எந்தப் பாடப்புத்தகம் வாங்குவது, நூலக விதி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் எட்டாம் வகுப்பு வரலாற்றில் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை ஆஸ்டினில் இருக்கும் மாநிலக் கல்வி வாரியம் முடிவு செய்கிறது. அதில் 15 பேர், எல்லோரும் கட்சி சார்பில் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள். அவர்கள் வகுக்கும் பாடத்திட்டத்துக்கு 'டீக்ஸ்' என்று பெயர். உங்கள் ஊர் போர்டு நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், அந்த டீக்ஸே இப்போது உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

2010இல் நடந்த திருத்தம் பெரிய ரகளை. மே மாதம் 9க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறிய அந்தப் பாடத்திட்டம் உள்நாட்டுப் போரின் காரணங்களை இந்த வரிசையில் அடுக்கியது: பிராந்தியப் பற்று, மாநில உரிமைகள், அடிமை முறை. மூன்றாவது இடத்தைக் கவனியுங்கள். பல ஆண்டு விமர்சனத்துக்குப் பிறகு, 2018 நவம்பரில் அதே வாரியம் வரியை மாற்றி எழுதியது. அடிமை முறையின் விரிவாக்கமே மையக் காரணம், பிராந்தியப் பிளவும் மாநில உரிமைச் சண்டையும் போரும் அதிலிருந்து வந்தவை என்று இப்போதைய டீக்ஸ் சொல்கிறது. 'மாநில உரிமை' என்ற சொல்லை அடியோடு எடுக்க அப்போதைய பெரும்பான்மைக்கு மனம் வரவில்லை, அதனால் இப்படி ஒரு சமரசம். ஆனாலும் வாக்கியத்தில் எது தலை, எது வால் என்பது தெளிவு.

உங்கள் மகனுக்குக் கொடுத்த தாள் பழைய வரிசையில் தயாரித்ததாக இருக்கலாம். பள்ளிக்கூடங்களில் நகல் எடுத்த தாள்களுக்கு ஆயுள் கெட்டி.

"இரண்டு பக்கமும்" என்று ஆசிரியர் சொன்னதற்கும் ஒரு பின்னணி உண்டு. 2021இல் மாநிலச் சட்டமன்றம் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் போட்டது. தற்போது சர்ச்சையில் இருக்கும் பொதுக் கொள்கை விஷயங்களைப் பேசும் ஆசிரியர், அரசியல் சார்பில்லாமல் பேச வேண்டும் என்பது அவற்றில் ஒரு பகுதி. அந்த அக்டோபரில் சவுத்லேக் ஊரில், பயிற்சி கொடுத்த அதிகாரி ஒருவர், யூத இனப்படுகொலை பற்றிப் புத்தகம் வைத்தால் எதிர்க்கருத்துள்ள புத்தகமும் வையுங்கள் என்று சொன்னது ஒலிப்பதிவாகி நாடு முழுக்கச் சிரித்தது. சூப்பரின்டெண்டெண்ட் மன்னிப்புக் கேட்டார். 1861இல் தொடங்கிய போரின் காரணம் இன்றைய கொள்கைச் சர்ச்சை அல்ல. ஆனால் பயந்துபோன ஆசிரியர் எதையும் ரெண்டாக வெட்டித்தான் பரிமாறுவார். எனவே அவரை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவருக்குத் துணிவு கொடுக்கும் காகிதத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

எந்தக் காகிதம்? இரண்டு போதும். ஒன்று, டீக்ஸில் அந்த வரி உள்ள பக்கம், மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. இன்னொன்று, 1861 பிப்ரவரி 2இல் டெக்சஸே வெளியிட்ட பிரிவினைக் காரண அறிக்கை, மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படிக்கலாம். ஏன் ஒன்றியத்தை விட்டுப் போகிறோம் என்று சொல்லும்போது, கறுப்பர்களை அடிமைகளாக வைத்துக் காப்பதைத்தான் அது வெளிப்படையாகப் பேசுகிறது. வேறு யாருடைய வியாக்கியானமும் வேண்டாம், போருக்குப் போனவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "இந்தத் தாள் இப்போதைய டீக்ஸுடன் எப்படிப் பொருந்துகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குற்றச்சாட்டு வேண்டாம்.

பதில் வராவிட்டால் அந்த மாவட்டத்தின் சமூக அறிவியல் ஒருங்கிணைப்பாளர், அப்புறம் பிரின்சிபால். வகுப்பில் பயன்படுத்தும் எல்லாப் பாடப் பொருள்களையும் பார்வையிட டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 26ஆம் அத்தியாயம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் முறையீட்டு நடைமுறை வைத்திருக்க வேண்டும். முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, உங்கள் மாவட்டக் கொள்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏணியின் மேல்படிதான் போர்டு. அங்கே அப்படி ஏறிப் போனால் உங்கள் விஷயம் அஜெண்டாவிலேயே வரும், அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

தாளுக்குப் பதில் அச்சுப் புத்தகத்திலேயே தவறு இருந்தால்? 2015இல் ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு மாணவன், அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான 'தொழிலாளர்களை' கொண்டுவந்தது என்று புவியியல் புத்தகப் படக்குறிப்பில் இருப்பதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். அவர் அதைப் பொதுவெளியில் போட்ட சில நாட்களில் மெக்ராஹில் பதிப்பகம் தவறை ஒப்புக்கொண்டு திருத்தியது, பள்ளிகளுக்கு மேலே ஒட்டும் சீட்டு தரவும் முன்வந்தது. நீண்ட கடிதமெல்லாம் இல்லை, ஒரு பக்கத்தின் படம்தான்.

இனி விசா. பொதுக் கூட்டத்தில் அஜெண்டா விஷயத்தில் பேச விரும்பும் பொதுமக்களுக்கு இடம் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. பெயரும் முகவரியும் எழுதித்தர வேண்டியிருக்கும், பேச்சு வீடியோவாக இணையத்துக்கு வரும். அது உங்களுக்கு உறுத்தினால் எழுத்து முறையீடே போதும், கூட்டத்துக்குப் போகாததால் எதுவும் குறைந்துவிடாது. வாக்களிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவுப் பெட்டியைத் தெரியாமல் 'டிக்' செய்துவிட்டு, பின்னால் கிரீன் கார்டில் மாட்டிக்கொள்வது நமக்கு எதற்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். டீக்ஸை மறுபடி மாற்றும் வேலை நடக்கிறது. 2025 செப்டம்பரில் வாரியம் 8க்கு 7 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் புதிய சட்டகத்தை ஏற்றது. டெக்சஸ், அமெரிக்க வரலாற்றுக்குக் கூடுதல் இடம், ஆறாம் வகுப்பில் உலகப் பண்பாடுகளுக்கென்று இருக்கும் தனிப் பாடம் போகிறது. 2030இல் வகுப்பறைக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். நம் பிள்ளைகள் இந்தியாவைப் பற்றிப் படிக்கும் இடங்களில் அந்த ஆறாம் வகுப்பும் ஒன்று. எனவே உங்கள் பகுதியின் மாநில வாரிய உறுப்பினர் யார் என்று கண்டுபிடித்து, அவருக்கு ஒரு கடிதம் போட்டு வையுங்கள். 2018 செப்டம்பரில் ஹெலன் கெல்லரைப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்க முதல் வாக்கெடுப்பில் முடிவானது, ஊரெல்லாம் கேள்வி கேட்டதும் நவம்பரில் திரும்ப வந்தார். ஆக, முதல் வாக்குக்கும் இறுதி வாக்குக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் கடிதத்துக்கு வேலை.

கடைசியில் போர்டு கூட்டத்துக்கே போவதானால், அஜெண்டாவை முன்கூட்டியே மாவட்டத் தளத்தில் பார்த்து, பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். கையில் அந்த இரண்டு காகிதமும் இருக்கட்டும். ஊரிலிருந்து உங்கள் அம்மா வந்திருந்து அவரும் பேச ஆசைப்பட்டால் தாராளமாகத் தமிழில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு, உடனடி மொழிபெயர்ப்புக் கருவி இல்லாத கூட்டத்தில், இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்றும் அதே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.