விண்டோஸ் 11 ஏன் தன்னை 10 என்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஊபியில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். கணினி கொஞ்சம் தெரியும் என்று வாய் தவறிச் சொன்னதால் அந்த வேலையும் என் தலையில். இன்னும் எந்தெந்தக் கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்று முதலாளி பட்டியல் கேட்டார். நாற்பது கணினி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க முடியாதே என்று பதிப்பு எண்ணைச் சொல்லும் ‘வெர்’ கட்டளையை வைத்து ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் ஃபைல்) எழுதி ஓடவிட்டேன். போன மாதம் வாங்கிய லேப்டாப் உட்பட எல்லாமே 10.0 என்றுதான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் முதலாளி. அப்படியா?
– ஈசூன் வாசகர்

பதில்: இல்லை தம்பி, கடைக்காரரை விட்டுவிடுங்கள். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் பெயரைத்தான் மாற்றியது, உள்ளே இருக்கும் எண் 10.0 என்றே நின்றுவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அப்புறம் வரும் ஐந்து இலக்க பில்டு எண். 22000 அல்லது அதற்கு மேல் என்றால் அது 11. 19045 என்றால் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. ஆக, உங்களுக்கு வேண்டிய பதில் உங்கள் பேட்ச் ஃபைல் கொடுத்த விடையிலேயே இருக்கிறது, மறுபடி ஓட்டவே வேண்டாம். சர்வர் ஏதாவது கலந்திருந்தால் மட்டும் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது (விண்டோஸ் சர்வர் 2022-இன் பில்டு 20348).

விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் ‘ரெஜிஸ்ட்ரியில் புராடக்ட்நேம் பார்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விண்டோஸ் 11 கணினியிலும் அந்த இடத்தில் விண்டோஸ் 10 என்றே எழுதியிருக்கும். ‘வின்வர்’ கட்டளை சரியான பெயரைச் சொல்லும், ஆனால் அது ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் ஓகே அழுத்தும்வரை நிற்கும், ஸ்கிரிப்டுக்கு ஆகாது.

பெயரும் வேண்டும், மெமரி எவ்வளவு, கடைசியாக எப்போது ஆன் செய்தார்கள் என்பதும் வேண்டும் என்றால் ‘சிஸ்டம்இன்ஃபோ’ கட்டளைதான். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமை. அதோடு ஒரு சாய்கோடு, ‘எஃப்ஓ’, அப்புறம் ‘சிஎஸ்வி’ என்று சேர்த்தால் எக்செலில் அப்படியே திறக்கிற மாதிரி கொடுக்கும்.

இதில் நானே விழுந்த குழி ஒன்று உண்டு. அந்த நீளமான பதிலிலிருந்து ‘ஓஎஸ் வெர்ஷன்’ வரியை மட்டும் எடுக்க கேட்ட சொல் இருக்கும் வரிகளை மட்டும் தேடித் தரும் ‘ஃபைண்ட்எஸ்டிஆர்’ கட்டளை போட்டேன். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) என்ற ஆங்கிலச் சொல் முடிவதே ஓ, எஸ் என்ற இரண்டு எழுத்தில்தானே, அதனால் பயாஸ் வெர்ஷனும் கூடவே வந்து, அதைக் கவனிக்காமல் அறிக்கையில் ஒட்டி அனுப்பி, ‘இது என்ன புது விண்டோஸ்?’ என்று மேலதிகாரி கேட்கும்வரை எனக்குத் தெரியவில்லை. வரியின் தொடக்கத்தில் மட்டும் தேடு என்று சொல்ல சாய்கோடு ‘பி’, இடைவெளியோடு சேர்த்து முழுத் தொடராகத் தேடு என்று சொல்ல சாய்கோடு ‘சி’, முக்காற்புள்ளி. இரண்டும் வேண்டும். இன்னொன்று, நம் ஊர் அலுவலகங்களில் ஒன்றிரண்டு கணினி சீன மொழி விண்டோஸில் இருக்கும். அங்கே தலைப்புகளும் சீனத்தில்தான் வரும், உங்கள் ஆங்கிலத் தேடலுக்கு ஒன்றும் சிக்காது. விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்’ வழியாக பில்டு எண்ணைக் கேட்டால் மொழித் தொல்லை இல்லை. பழைய கட்டுரைகள் சொல்லும் ‘டபிள்யூஎம்ஐசி’ கட்டளையை நம்ப வேண்டாம், புது விண்டோஸ் 11-இல் அது தானாக வருவதில்லை.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் எத்தனையாவது பதிப்பு என்று ஸ்கிரிப்டில் எழுதிக் காட்டச் சொன்னார் விரிவுரையாளர். ‘யூநேம்’ கட்டளை போட்டால் வெறும் லினக்ஸ் என்கிறது. கோடு போட்டு ‘ஆர்’ சேர்த்தால் 5.15 என்கிறது. உபுண்டுவில் அப்படி ஒரு பதிப்பே இல்லையே?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: கோப்பிக்கடையில் ‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால் பாலும் சீனியும் போட்டு அவர்கள் இஷ்டத்துக்கு ஒன்று வரும். ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால்தான் கறுப்பு, சீனி இல்லை. யூநேமும் அப்படித்தான், பின்னால் என்ன எழுத்து சேர்க்கிறீர்களோ அதைத்தான் தரும். ஆனால் எத்தனை எழுத்து சேர்த்தாலும் அந்தக் கடையில் உபுண்டு பதிப்பு எண் கிடைக்காதம்மா. யூநேமுக்குத் தெரிந்தது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, நீங்கள் பார்த்த 5.15 அதன் எண், உபுண்டு 22.04 அதோடுதான் வெளிவந்தது. உங்களுக்கு வேண்டியது ‘இடிசி’ அடைவில் இருக்கும் ‘ஓஎஸ்-ரிலீஸ்’ ஃபைல். அதில் ‘வெர்ஷன் ஐடி’ என்ற வரியைப் படியுங்கள். டோக்கர் கன்டெய்னருக்குள் (கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு பெட்டி மாதிரி) இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்: ஃபைல் கன்டெய்னரின் பதிப்பைச் சொல்லும், யூநேம் வெளியே இருக்கும் கணினியின் கெர்னலைச் சொல்லும். இரண்டுமே பொய் இல்லை.

கேள்வி: ஜாவா வெர்ஷனை ஃபைலில் சேமித்தால் ஃபைல் காலியாக இருக்கிறது, திரையில் மட்டும் தெரிகிறது. ஏன்?
– பிடோக் வாசகர்

பதில்: ‘வெர்ஷன்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒற்றைக் கோடு போட்டுக் கேட்டால் ஜாவா தன் பதிலைப் பிழைச் செய்திகள் போகும் வழியில் அனுப்பும், நீங்கள் சேமிப்பதோ வழக்கமான வழியை. ஜாவா 9 முதல் இரட்டைக் கோடு போட்டுக் கேட்கலாம், சரியான வழியில் வரும்.

கேள்வி: பைத்தான் 3.9-க்கு மேல் இருந்தால்தான் ஓட வேண்டும் என்று எழுதினேன். 3.10 போட்ட கணினியில் ‘பழைய பதிப்பு’ என்று நின்றுவிடுகிறது.
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். எழுத்து வரிசையில் 1 முன்னால், 9 பின்னால், அதனால் 3.10 தோற்றுவிட்டது. ‘சிஸ்’ மாட்யூலில் ‘வெர்ஷன்’ வேண்டாம், ‘வெர்ஷன்_இன்ஃபோ’ எடுங்கள். அது 3, 10 என்று தனித்தனி எண்ணாகத் தரும்.