எலியட் போர்ட்டரின் பறவைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பறவைப் படங்கள் பற்றிய குறிப்பில் அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் போர்ட்டரைப் பெரிய கலைஞர் என்றீர்கள். தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் கூட்டருகே ஃப்ளாஷ் வைத்து எடுத்த படங்கள். பறவை எப்படியும் கூட்டுக்குத் திரும்பத்தான் போகிறது. காத்திருந்து எடுத்தால் அது ஆவணம்தானே, கலை எங்கே வருகிறது? கூட்டருகே போகவே கூடாது என்று இன்று சொல்கிறோம். பிறகு அவரை எப்படிக் கொண்டாடுவது?

ஆர்., தென்காசி

அன்புள்ள ஆர்.,

ஆவணமாகத்தான் தொடங்கியது. போர்ட்டர் ஹார்வர்டில் மருத்துவம் படித்து அங்கேயே கற்பித்தவர். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபின், 1939இல் வேலையை விட்டார். பறவைப் படங்களை நூலாக்கப் போனபோது பதிப்பாளர் ஒப்பவில்லை. கறுப்பு வெள்ளையில் எது எந்தப் பறவை என்றே தெரியவில்லை என்றார். நியாயம்தான். அமெரிக்கக் காடுகளின் வார்ப்ளர்கள் என்னும் சிறு பறவைகள் பலவும் ஒரே அளவு, ஒரே உருவம். மஞ்சளும் செம்பழுப்பும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். அப்படித்தான் அவர் வண்ணத்துக்கு வந்தார்.

பறவை திரும்பி வரும் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கலை தெரிகிறது. அவருடையது ஸ்டாண்டில் நிறுத்திய பெரிய ஷீட் பிலிம் கேமரா, ஒவ்வொரு படத்துக்கும் தனித் தாளாக பிலிம் போட வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு குருவியின் பின்னால் ஓட முடியாது. அதனால் இலை, கிளை, பின்னணி, வெளிச்சம் விழும் கோணம் எல்லாவற்றையும் பறவை வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்தப் படங்களில் பறவையை நீக்கிவிட்டுப் பாருங்கள், படம் அப்போதும் நிற்கும். பிறகு பறவை வருகிறது. சிறகை எப்படி விரிக்கும், குஞ்சுகள் எந்தப் பக்கம் வாய் பிளக்கும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை.

பிரிண்ட் போடுவதும் அப்படியே. டை டிரான்ஸ்ஃபர் முறையில் சியான், மஜெந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கூட்டலாம், குறைக்கலாம். பச்சை எவ்வளவு பச்சையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். 1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் பறவைப் படங்களுக்குத் தனிக் காட்சியே வைத்தது.

சரி, கூடு. இதில் உங்கள் பக்கம்தான் நான். படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளைகளை விலக்கிக் கட்டுவது அந்தக் காலத்துப் படக்காரர்களிடம் வழக்கம். அந்த இலைமறைவு போனால் குஞ்சுகள் வெயிலில் வதங்கும், காகமும் பாம்பும் கண்டுபிடிக்கும். மிரண்ட தாய் விலகி நின்றால் முட்டை குளிர்ந்துவிடும். எவ்வளவு நல்ல படத்துக்காகவும் இதைச் செய்யக் கூடாது. போர்ட்டரைக் கொண்டாடுகிற நான் இதையும் சேர்த்தேதான் சொல்வேன்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையை: முதலில் சட்டகம், அப்புறம் பறவை. அதற்குக் கூடு தேவையில்லை. குண்டுகரிச்சான் ஆண் காலையில் பாடுவதற்கென்று சில உச்சிகளை வைத்திருக்கும், அங்கேயே திரும்பத் திரும்ப வரும். தள்ளி நின்று அந்தக் கிளையைப் படமாக்கத் தொடங்குங்கள். பின்னணியை மொத்தமாக மங்கலாக்காமல் இலைகளும் தெரியும்படி எடுங்கள். போனில் குரலைப் போட்டு அழைக்க மட்டும் வேண்டாம். வேறொரு ஆண் வந்துவிட்டதென்று நினைத்து, செய்கிற வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

எடுத்தால் அனுப்புங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.