எதை எழுதுவது, எதை விடுவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும் வெப்சைட் வைத்திருக்கிறேன், அல்லது வைக்கப்போகிறேன். அதில் என்ன எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது, எழுதிக் குவித்ததை என்ன செய்வது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மீன் தொட்டி வளர்ப்பு பற்றி ஒரு வெப்சைட் ஆரம்பிக்கிறேன். டொமைன் வாங்கியாச்சு, டிசைனும் முடிஞ்சாச்சு. மக்கள் கூகுளில் என்ன தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்டு கருவியில் தேடி 300 சொற்களை எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஐந்து கட்டுரை என்று வைத்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த எக்செல்லை மூடி வையுங்கள். அழிக்க வேண்டாம், பின்னால் உதவும். ஆனால் அதே கருவியில் அதே சொல்லைப் போட்டால் யாருக்கும் கிட்டத்தட்ட அதே 300 தான் வரும். அதை வைத்து எழுதினால் ஏற்கெனவே இருக்கிற தளங்களின் வரிசையில் கடைசியில் போய் நிற்பீர்கள்.

‘மீன் தொட்டி வளர்ப்பு’ என்பது புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு ரொம்பப் பெரிய விஷயம். கடல் மீன், நன்னீர் மீன், செடித் தொட்டி, இறால் என்று போய்க்கொண்டே இருக்கும். யாருக்காக எழுதுகிறீர்கள் என்று ஒரே ஒரு ஆளை முடிவு பண்ணுங்கள். வாழ்க்கையில் முதல் தொட்டியை வாங்கியவர், அவருடைய முதல் மூன்று மாதம். இப்போதைக்கு அதுதான் உங்கள் தளம்.

இனி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தொட்டி வைத்து மூன்றாவது நாள், ராத்திரி லைட்டைப் போட்டால் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது. மீனெல்லாம் செத்துவிடுமோ என்று பயந்து போனை எடுக்கிறார். ‘நைட்ரஜன் சுழற்சி’ என்றா தேடுவார்? அந்தச் சொல்லே அவருக்குத் தெரியாது. ‘புது தொட்டி தண்ணி வெள்ளையா இருக்கு என்ன பண்றது’ என்றுதான் தேடுவார். உங்கள் முதல் கட்டுரையின் தலைப்பு அதுதான், அவர் வாயில் வந்த அதே சொற்களில்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி ‘தண்ணீரை மொத்தமாக மாற்றாதீர்கள், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்’ என்று இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவர் அதைத்தான் செய்யப்போகிறார். காரணம் அப்புறம். புதுத் தொட்டியில் பாக்டீரியா திடீரென்று பெருகுவதால் வருகிற வெண்மை அது, பெரும்பாலும் சில நாளில் தானாகவே தெளிந்துவிடும். கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவைப் பற்றி, அதை டெஸ்ட் செய்து பார்த்து, ஏறியிருந்தால் ஒரு பகுதித் தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கிய தண்ணீராக மாற்ற வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், இந்தக் கூட்டம் ஸ்பாஞ்சில் குடியேறி நிலைப்பதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும் என்பதால்தான் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் அவருக்கு அடுத்த கேள்விகள் தானாக வரும். அம்மோனியா டெஸ்டில் எந்த நிறம் வந்தால் பயப்படணும்? இன்னும் இரண்டு மீன் எப்போது விடலாம்? கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படிகிறதே, அது என்ன? ஒவ்வொன்றும் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் முந்தைய பக்கத்தில் சரியான வாக்கியத்தில் ஒரு லிங்க். மூன்று மாதத்தை இப்படி நாள் கணக்கில் நடந்து பார்த்தால் 25, 30 பக்கம் வரும். கன்டென்ட் ஸ்ட்ராடஜி என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான். இதை 300 சொல் பட்டியல் தராது, ஏனென்றால் எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தக் கேள்வி வரும் என்பது அதில் இல்லை.

கேள்விகளை எங்கே பிடிப்பது? ஃபேஸ்புக் குழுக்கள், யூடியூப் வீடியோக்களுக்குக் கீழே வரும் கருத்துகள், கூகுளில் பாதி தட்டும்போதே கீழே விழும் வரிகள், இவை போதும். எழுத்துப்பிழையோடு அப்படியே நோட்டில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். கருவி ஒரு கேள்விக்குத் தேடல் எண்ணிக்கை ‘0’ என்று காட்டினால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். தினமும் வருகிற தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் யாருமே தேடாதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அவற்றை எந்தக் கருவியும் எண்ணிக் காட்ட முடியாது.

இன்னொன்று. உங்கள் தொட்டியை 1, 3, 7, 14ஆம் நாள்களில் ஒரே இடத்திலிருந்து, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அந்த நான்கு படங்களைப் பார்த்தால் பயந்துபோன ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். தளம் ஆரம்பிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: நான்கு வருஷமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பற்றித் தளம் நடத்துகிறேன். 240 கட்டுரை ஆகிவிட்டது. கொஞ்ச காலமாக வருகை பாதியாகக் குறைந்துவிட்டது. இன்னும் வேகமாக எழுதினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இரண்டு மாதம் புதிதாக எதுவும் எழுதாதீர்கள், கஷ்டமாக இருந்தாலும்.

உங்கள் பக்கங்கள் தேடலில் எப்படி வருகின்றன என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு இருக்கும், அதற்கு முந்தையது கிடைக்காது. முழுசாக இறக்கிப் பக்கவாரியாக வையுங்கள். பிறகு எண்களை விட்டுவிட்டுத் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ‘நூல் அறுகிறது’, ‘நூல் அடிக்கடி அறுந்து போகிறதா?’, ‘நூல் அறுவதற்கு 7 காரணங்கள்’ என்று ஒரே விஷயத்தை நான்கைந்து முறை எழுதியிருப்பீர்கள். நான்கு வருஷம் ஓடிய தளத்தில் இது இல்லாமல் இருக்காது. இப்போது ஒரே கேள்விக்கு உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மோதுகின்றன. நல்லதாக ஒன்றை எடுத்து, மற்றவற்றில் உருப்படியாக இருப்பதை அதில் சேர்த்து, பழைய முகவரிகளுக்கு வருகிறவர்கள் தானாகவே புதியதற்குப் போகிற மாதிரி 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பம்) போட்டுவிடுங்கள். யாருக்கும் உதவாத பக்கத்தை எடுத்துவிடலாம்.

இது வெறும் சுத்தம் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். கூகுள் தன் தேடல் முறையில் 2011 பிப்ரவரியில் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றத்திலிருந்தே ஒரு தளத்தில் சாரமில்லாத பக்கங்கள் நிறைய இருந்தால் அது மொத்தத் தளத்தையும் பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. 2022 ஆகஸ்டில் வந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட் அதையே இன்னும் வெளிப்படையாகச் செய்தது, 2024 மார்ச்சில் அதைக் கூகுள் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் தன் மைய ரேங்கிங்குக்குள்ளேயே சேர்த்துவிட்டது. உங்கள் 30 நல்ல கட்டுரைகளின் கழுத்தில் மீதி 210 தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் ஒரே ராத்திரியில் அழிக்காதீர்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். கிளிக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 40 பக்கத்தை எடுத்தேன், அதில் ஒன்றுக்கு மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மெயில் எழுதிக் கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் வழியாகத்தான் வந்தார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. எந்தப் பக்கத்தையும் எடுக்கும் முன், அதைப் படித்துவிட்டு யாராவது உங்களுக்கு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சேர்த்து எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள், தேடுவதும் பாபின் என்றுதான். ஆனால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரெஸர் ஃபுட்டைத் தூக்காமலே நூல் கோத்திருப்பார்கள், அது இறங்கியிருக்கும்போது நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தகடுகள் இறுகி இருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவில் போய் உட்காராது. தலைப்பை ‘மேல் நூல் டென்ஷன்’ என்று வைத்தால் விஷயம் தெரிந்தவர்தான் வருவார், அவருக்கு உங்கள் உதவி தேவையே இல்லை. ‘பாபின் நூல் அடியில் சிக்குகிறது’ என்று வைத்து, முதல் பத்தியிலேயே ‘பாபினை விடுங்கள், ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல் நூலை மறுபடி கோத்துப் பாருங்கள்’ என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கேள்வி அவருடையதாகவும் பதில் உங்களுடையதாகவும் இருக்க வேண்டும். உங்கள் 240இல் இப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், அவைதான் உங்கள் சொத்து.

கேள்வி: ஒரு கட்டுரைக்கு எத்தனை வார்த்தை இருந்தால் கூகுளுக்குப் பிடிக்கும்? 2000 என்கிறார்கள்.

பதில்: அப்படி ஒரு கணக்கே கிடையாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. கேள்வி 200 வார்த்தையில் தீர்ந்தால் 200.

கேள்வி: ஏஐ கருவியை வைத்து ஒரு நாளைக்குப் பத்துக் கட்டுரை போட்டால் கூகுள் தண்டிக்குமா?

பதில்: எதை வைத்து எழுதினீர்கள் என்பதற்காகத் தண்டிப்பதில்லை, 2023 பிப்ரவரியிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். தேடலில் முன்னால் வர வேண்டும் என்பதற்காகவே பயனில்லாத பக்கங்களை மொத்தமாகக் கொட்டினால் நடவடிக்கை உண்டு, 2024 மார்ச்சில் வந்த ஸ்பேம் விதி இதைத்தான் சொல்கிறது. மனிதர் கொட்டினாலும் மெஷின் கொட்டினாலும் விதி ஒன்றே.

தண்டனையை விடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கூகுளே தேடல் முடிவுக்கு மேலே ஏஐ பதில் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பொதுவான பதிலை அங்கேயே படித்துவிட்டவர் அதே பொதுவான பதிலைப் படிக்க உங்கள் தளத்துக்கு எதற்கு வர வேண்டும்? உங்கள் கை பட்டதால் மட்டும் தெரிந்த விஷயத்துக்குத்தான் வருவார். கழற்றும்போது எந்த ஸ்குரூ முரண்டு பிடித்தது, ஒன்பதாம் நாள் டெஸ்டில் என்ன வந்தது, எது சரியாக வரவில்லை. கூகுள் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான தன் கையேட்டில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்பதைத் தனியாகச் சேர்த்ததும் இதற்காகத்தான்.

ஏஐயை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நீங்கள் நோட்டில் சேர்த்த 400 கேள்விகளை வகை பிரிக்கச் சொல்லுங்கள், உங்கள் கட்டுரையைக் கொடுத்து ‘முதல்முறை படிப்பவருக்கு எங்கே புரியாது’ என்று கேளுங்கள். அதில் அருமையாக உதவும். ஆனால் தொட்டியே வைக்காமல் தொட்டியைப் பற்றி எழுதித் தருவதை உங்கள் பெயரில் போடாதீர்கள், அதை நம்பி ஒருவர் தன் மீன்களுக்கு ஏதாவது செய்வார்.

கேள்வி: புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர்களுக்காகத் தளம் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. 22 கட்டுரை. ஒரு நாளைக்கு இருபது பேர் வருகிறார்கள், ஏழெட்டுப் பேர் மெயிலும் எழுதியிருக்கிறார்கள். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: ஏழெட்டுப் பேர் மெயில் எழுதினார்கள் என்பதை நீங்கள் கடைசியில் போட்டிருக்கிறீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன். இருபது பேர் வருகிற தளத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை.

சர்ச் கன்சோலில் கிளிக்கைப் பார்க்காமல் இம்ப்ரெஷனை, அதாவது தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதைப் பாருங்கள். அது மாதா மாதம் ஏறினால் உங்கள் பக்கங்கள் இன்னும் பின் வரிசையில் இருந்தாலும் கண்ணில் படத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம், பொறுக்கலாம். அப்படியே தரையில் கிடந்தால் எடுத்த விஷயம் பரந்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும். 22 தலைப்புகளையும் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். அதில் ஆறு கருந்துளை, பால்வெளி மாதிரி விஷயங்கள். அவை நல்ல கட்டுரைகள்தான், ஆனால் டெலஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றுமே தெரியாமல் நிற்பவருக்கு அவை எதற்கு? அவர் 10 மி.மீ. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டுக்கொண்டு தேடுகிறார். டெலஸ்கோப்பின் குவிய தூரம் 700 மி.மீ. என்றால் அதை 10ஆல் வகுத்து 70 மடங்கு, பார்வைப் பரப்பு சுருங்கிப்போய் நிலாவைக்கூடப் பிடிப்பது கஷ்டம். முதலில் 25 மி.மீ. போடுங்கள், 28 மடங்கு போதும். குறிபார்க்க உதவும் சின்ன ஃபைண்டரைப் பகலிலேயே, சூரியன் இல்லாத பக்கம், தூரத்துக் கோபுரம் ஒன்றை வைத்துச் சரிசெய்யுங்கள் என்று ஒரு பக்கம் உங்கள் தளத்தில் இல்லை. அதை இந்த வாரம் எழுதுங்கள்.

உங்கள் துறைக்கு ஒரு அதிர்ஷ்டம், வானம் தன் காலண்டரை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. பெர்சீட் எரிகல் மழை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12, 13 வாக்கில் உச்சம், ஜெமினிட் டிசம்பர் 13, 14 வாக்கில். 2027 ஆகஸ்ட் 2 அன்று ஆறு நிமிஷத்துக்கு மேல் நீடிக்கும் முழு சூரிய கிரகணம். இப்படிப்பட்ட பக்கங்களை இரண்டு மாதம் முன்பே போடுங்கள், முதல் நாள் ராத்திரி போட்டால் யார் கண்ணிலும் படாது. ஆண்டுதோறும் வருகிறவற்றுக்கு முகவரியில் வருஷத்தைப் போடாதீர்கள். ஒரே பக்கத்தை வருஷா வருஷம் திருத்தினால் அது சேர்த்த மதிப்பு அதனிடமே இருக்கும்.

அப்புறம், மெயில் எழுதியவர்களைக் கேட்டு, சம்மதித்தால் ஒரு சின்ன நியூஸ்லெட்டர் பட்டியலில் சேருங்கள். மாதம் ஒன்று போதும். தேடல் எப்போது மாறும் என்பது உங்கள் கையில் இல்லை, இந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். அந்த ஏழெட்டு மெயிலையும் மறுபடி திறந்து, அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் எழுதிய மாதிரியே தனியாக எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த பத்துப் பக்கத்தை அதிலிருந்து சேர்ந்தே வரிசைப்படுத்துவோம்.